காதுகுத்துப் படத்தில் இருக்கும் கை

என் படங்களைப் பார்க்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் வருஷம் முழுக்க மழை பெய்கிறது என்றுதான் நினைப்பார்கள். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் ‘பார்வையில் காணும் கடிதத்தின்படி’ என்று எழுதியே கை ஓய்ந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வீடே படுத்துக் கிடக்கும்போது மடிக்கணினியைத் திறந்து வானத்தை மாற்றிக்கொண்டிருப்பேன். நான் எடுத்த படத்தில் வானம் வெளுத்துக் கிடந்தால் அதைக் கழற்றிவிட்டு, மேகம் திரண்ட வேறொரு வானத்தை மாட்டுவேன். குடைவரைக் கோயில் பாறையை ஒரு வாரம் தாமிர நிறமாக்கினேன், அடுத்த வாரம் நீலமாக்கினேன். அதைப் பார்த்த மேலதிகாரி, “இது எந்த ஊருங்க, காஷ்மீரா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு சித்திரையில், வெடித்துக் கிடந்த எங்கள் ஊர்க் கண்மாயைப் படமெடுத்து அதில் தண்ணீர் நிரப்பினேன். வெறும் தண்ணீர் இல்லை. கரையில் நிற்கும் பனைமரங்கள் தலைகீழாகத் தெரிகிற மாதிரி, லேசாகச் சிற்றலை அடிக்கிற மாதிரி. மூன்று ஞாயிறு அதற்கே போனது. முடித்ததும் பெருமை தாங்காமல் போனில் ஊர் குரூப்பில் போட்டேன். மறுநாள் காலை ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் கணவர் துபாயில் இருக்கிறார்.

“கம்மா நெறஞ்சு கெடக்காமே, நீ ஏன் சொல்லலன்னு அந்த மனுசன் என்னையப் போட்டுத் திட்டுறாருங்க. நாத்து விட்டாச்சான்னு வேற கேக்குறாரு. ஒங்க படத்தால எங்க வீட்டுல சண்டைங்க.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மனைவி அவருக்குக் காப்பி கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினாள். நம்பும்படி செய்துவிட்டோம் என்கிற சந்தோஷம் எனக்கு இரண்டு நாள் இருந்தது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வைகாசியில், எங்கள் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இது எங்களிடம் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால்கூட ஒரு வருஷத்தில் மறந்துவிடுவார்கள். மடியில் யார் வைத்தார்கள் என்பதை அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறக்கும்வரை பேசுவார்கள். என் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன் ஒருவர்தான். நான் மச்சான் என்று கூப்பிடும் அவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். விடுப்பு கிடைத்துவிட்டது என்றார், டிக்கெட் போட்டுவிட்டேன் என்றார். விசேஷத்துக்கு முதல் நாள் காலையில் போன் செய்து விடுப்பை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லி அழுதார். கடைசியில், “தம்பிய ஒக்காரச் சொல்லு ஆத்தா” என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

தம்பி என்றது என் மனைவியின் பெரியப்பா மகனை. கட்டுமாவடி போகிற சாலையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். போர்வெல் மோட்டார் புகைந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவனைத்தான் தேடுவார்கள். வீட்டுக்கு ஒரே பிள்ளை. கூடப் பிறந்த பெண் கிடையாது. ஆகவே அவனைத் தாய்மாமன் என்று உரிமையாகக் கூப்பிட எந்தக் குழந்தையும் பிறக்கப்போவதில்லை. இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அன்று கோயிலில் என் மாமியாரிடம் அவனே சொன்னான்.

“எனக்கு இதெல்லாம் வராதுன்னு நெனச்சிருந்தேன் சின்னாத்தா.”

ஒரே நாள் அவகாசத்தில் புது வேட்டி, புதுச் சட்டை எடுத்திருந்தான். சட்டையைப் பிரித்து அப்படியே போட்டுக்கொண்டு வந்ததால் மடிப்புக் கோடுகள் நெஞ்சில் சதுரம் சதுரமாக நின்றன. ஒரு தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, அரக்கு நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டுப் பாவாடை. வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். இடது கையால் அவள் தாடையைத் தாங்கிப் பிடித்தான். ஆசாரி கம்பியை நீட்டினார். ஒரு பக்கம் என் மாமியார் போனைத் தூக்கிப் பிடித்துக் குவைத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். என் மகள் வீறிட்ட அந்த நொடியில் அவன் தன் கீழுதட்டைப் பல்லால் கடித்துக் கண்ணைச் சுருக்கினான். அவன் காதிலேயே குத்துகிற மாதிரி இருந்தது முகம். நான் படமெடுத்துவிட்டேன்.

படமெடுக்க வேறு யாரையும் அமர்த்தவில்லை. “நான் இருக்கும்போது எதுக்கு?” என்று மார்தட்டியவன் நான். பதினான்கு படங்கள் எடுத்திருந்தேன். பதிமூன்றில் ஆசாரியின் முதுகு, அல்லது யாரோ ஒரு அத்தையின் தோள். ஒன்றே ஒன்றில்தான் பிள்ளையும் மாமனும் முகம் மறையாமல் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. மச்சானை இதில் உட்கார வைத்தால் என்ன? யாரும் கேட்கவில்லை. என் மனைவிக்கோ மாமியாருக்கோ அப்படி ஒன்று முடியும் என்பதே தெரியாது. போன விடுப்பில் மச்சான் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. யாரோ அனுப்பிய ஏதோ ஒன்றைப் பார்த்து லேசாகச் சிரித்த முகம். அந்தத் தலையை வெட்டி இந்தக் கழுத்தில் வைத்தால் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது மாதிரியே இருந்தது. வெளிச்சம் எதிர்ப்பக்கமிருந்து வந்ததால் முகத்தை இடம் வலமாகத் திருப்பினேன். தலைவகிடு பக்கம் மாறிப்போனது, ஒருவரும் கவனிக்கவில்லை. மடிப்புக் கோடு போட்ட சட்டையை எடுத்துவிட்டு மச்சானின் வெள்ளைச் சட்டையை மாட்டினேன். கையை மட்டும் மாற்ற முடியவில்லை. பிள்ளையின் கன்னத்துக்கும் விரலுக்கும் நடுவில் கண்ணீர் வழிந்து கிடந்தது. அதைப் பிரித்தால் இரண்டும் கெட்டுப்போகும். கையை அப்படியே விட்டேன்.

விட்டேன் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. மச்சான் குளிக்கும்போதுகூடக் கடிகாரத்தைக் கழற்றாத மனுஷர். வேறொரு படத்திலிருந்து அவருடைய தங்க நிறக் கடிகாரத்தை எடுத்து அந்த மணிக்கட்டில் கட்டினேன். அந்த இடத்தில் ஒரு தீக்காயத் தழும்பு இருந்ததாக ஞாபகம். சரியாக மறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு ஆளை அழிக்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வானத்தை மாற்றுவதைப் போல ஒரு வேலை என்றுதான் தோன்றியது.

முடித்ததும், இதே பெயரில் சேமிக்கவா என்று கணினி கேட்டது. அலுவலகத்தில் படிக்காத கோப்பில் சுருக்கொப்பம் வைக்கிற வேகத்தில் ஆமாம் என்று அழுத்தினேன். மறுவாரம் படகுகளைப் படமெடுக்க மீமிசல் கடற்கரைக்குப் போவதற்காக மெமரி கார்டையும் துடைத்தேன்.

படத்தைக் காட்டியபோது என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமியார் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மச்சான் குவைத்திலிருந்து பேசினார், பேசினார், பேச்சே வராமல் பேசினார். அதைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு மாமியார் வீட்டுக் கூடத்தில் மாட்டினோம். மச்சான் தன் போனில் முகப்புப் படமாக அதை வைத்தார். சொந்தக்காரர்கள் குரூப்பில் கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. தம்பியும் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தான். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பாராட்டுக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவன் வந்தான். எங்கள் வீட்டு மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று மனைவி கூப்பிட்டிருந்தாள். வேலையை முடித்துக் கையைக் கழுவிவிட்டு, கிளம்பும்போது வாசற்படியில் நின்றுகொண்டு கேட்டான்.

“மாமா, அந்தப் படம் சூப்பரா இருந்துச்சு. அண்ணன் நெசமாவே வந்த மாதிரி இருந்துச்சு. அதுக்கு முன்னாடி எடுத்தீங்கல்ல, நான் இருக்குறது, அத எனக்கு ஒண்ணு அனுப்பி விடுங்களேன். கடையில வச்சுக்கிறேன்.”

“அதுக்கென்ன மாப்ள, தேடி அனுப்புறேன்” என்றேன். சொல்லும்போது இருக்கிறது என்றேதான் நம்பினேன். அவன் வண்டி தெரு திரும்புவதற்குள் மடிக்கணினியைத் திறந்தேன். அந்தப் பெயரில் மச்சான் சிரித்துக்கொண்டிருந்தார். வேறு எந்தப் பெயரிலும் தம்பியின் முகம் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்யாத வேலை இல்லை. அழிந்த படங்களை மீட்டுத் தருகிற மென்பொருளைப் போட்டுக் கார்டைத் துழாவினேன். மீமிசல் படகுகளாக வந்தன. நாற்பது, ஐம்பது படகுகள், வலை, ஐஸ் பெட்டி, காக்கை. நடுவில் ஒரு படம் பாதி திறந்தது. மேலே வேப்பிலை தெரிந்தது, அதற்குக் கீழே ஒரு கறுத்த தலைமுடி, நெற்றி ஆரம்பிக்கும் கோடு. அதோடு சரி. அதன் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். தம்பியின் முகத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது. நான் திரும்பத் திரும்ப மீட்கச் சொன்னேன், அது திரும்பத் திரும்ப அங்கேயே நின்றது. புதுக்கோட்டையில் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, “மேல வேற எழுதிட்டீங்க சார், ஒண்ணும் பண்ண முடியாது” என்று திருப்பித் தந்தார்கள். விசேஷத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் போன் படங்களைக் கேட்டு வாங்கினேன். எல்லோரும் பிள்ளை அழுவதைத்தான் எடுத்திருந்தார்கள். ஒன்றில் தம்பியின் காதும் அரைக் கன்னமும் கிடைத்தன.

மனைவியிடம் சொன்னேன்.

“அவன் மொகத்த எடுத்தது நீங்க. நீங்கதான் அவன்கிட்டச் சொல்லணும்” என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அதுக்காக அண்ணன் படத்த எறக்கணும்னு மட்டும் சொல்லிறாதீங்க. அம்மா தாங்காது” என்றாள்.

சொல்லவில்லை. நான் அவ்வளவு யோக்கியன் இல்லை; ஒரு வருஷம் இப்படியே ஓட்டினேன். கண்மாய்க்கே தண்ணீர் விட்டவனுக்கு ஒரு முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாதா என்ற திமிர் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. தம்பிக்குப் போன் செய்து, “அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு ஞாயித்துக்கெழம வா மாப்ள, சும்மா ஒரு படம் எடுக்கணும்” என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் வந்தான். சட்டை பலமுறை துவைத்து மடிப்புக் கோடெல்லாம் போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பாயைப் போட்டு உட்கார வைத்தேன்.

“குனிஞ்சு பாரு மாப்ள.”

“எங்கிட்டுப் பாக்க மாமா?”

“மடியில பாப்பா இருக்குற மாதிரி நெனச்சுக்க. இப்ப காது குத்துறாங்க.”

அவன் தன் வெறும் மடியைப் பார்த்தான். முகம் ரேஷன் கார்டுக்கு எடுத்தது மாதிரி விறைத்துக்கொண்டது. மகளைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம் என்று பார்த்தேன். அவள் முடி வளர்ந்து ரிப்பன் கட்டுகிற வயசுக்குப் போயிருந்தாள். மடியில் அரை நிமிடம் இருந்துவிட்டு வழுக்கிக்கொண்டு ஓடினாள். “ஒதட்டக் கடி” என்றேன். கடித்தான். “அப்படியில்ல, வலிக்கிற மாதிரி” என்றேன். அவன் கடித்த உதட்டை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“அந்தப் படம் இல்லையா மாமா?”

கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அதே பெயரில் சேமித்ததைச் சொன்னேன், மீமிசலைச் சொன்னேன், நெற்றியோடு நின்றுபோன படத்தைச் சொன்னேன். அவன் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மோட்டார் கம்பிச்சுருள் கருகிவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிச் சொல்லிப் பழகியவன் என்பதாலோ என்னவோ, எது திரும்பி வராது என்பது அவனுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது.

“அழிஞ்சு போச்சா” என்றான். கேள்வியாக இல்லை.

அவன் போன பிறகும் விடாமல், எடுத்த முகத்தை அந்தக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். உதட்டைக் கொஞ்சம் இழுத்தேன், கண்ணைச் சுருக்கினேன். சொன்னால் வரைந்து தருகிற செயற்கை அறிவிடமும் கேட்டேன். அது மீசை வைத்த ஓர் அழகான ஆளைக் கொடுத்தது. அந்த ஆளை எனக்குத் தெரியாது. அவன் முகம் அன்று எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. என் தலைக்குள் இருக்கிற அந்த ஒன்றை எந்தக் கருவியாலும் வெளியே எடுக்க முடியவில்லை. எரிச்சலில் மடிக்கணினியை அறைந்து மூடினேன். அது என்ன செய்யும்?

அடுத்த வாரம் அவனே போன் செய்தான்.

“மாமா, ஒரு யோசன. அத்தன பேரும் பாக்குற அந்தப் படத்துல கையி என்னுதுதான? சின்னாத்தா வீட்டுக்குப் போனப்பப் பாத்தேன். நகத்துல மோட்டாருக்குப் பூசுற வார்னிஷ் கறுப்பு இருக்கு. மொகம் வேணாம். கையையும் பாப்பாவையும் மட்டும் வெட்டிக் குடுங்க.”

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவு எளிய வேலை! ஓரங்களை வெட்டுவது, இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்வது. படத்தைத் திறந்து மச்சானின் தலையை வெட்டினேன், சட்டையை வெட்டினேன். பிள்ளையின் தாடையைத் தாங்கிய கை வந்தது. கையோடு மணிக்கட்டும் வந்தது. மணிக்கட்டில் நான் கட்டிய தங்கக் கடிகாரம் மின்னியது.

கடிகாரத்தை நீக்கிப் பார்த்தேன். நீக்கிய இடத்தில் கணினி தானாக நிரப்பிய தோல் குழந்தைத் தோல் மாதிரி வழவழவென்று இருந்தது. தழும்பை வரையலாம் என்றால் அது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. அவனைக் கூப்பிட்டு மணிக்கட்டை நீட்டச் சொல்லிப் படமெடுத்து ஒட்டியிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. அந்தக் கையின் மேல் இன்னொரு தடவை எதையாவது ஒட்டுவதை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருந்தது. கடிகாரம் தெரியாதவரை வெட்டினேன். உள்ளங்கையும் போயிற்று. கடைசியில் என் மகளின் நனைந்த கன்னமும், சிவந்த ஒரு காதும், தாடைக்கு அடியில் நான்கு விரல்களும் மிஞ்சின. நகக்கண்ணில் கறுப்பு. அனுப்பினேன்.

“போதும் மாமா” என்று பதில் வந்தது.

போன மாதம் அலுவலக வேலையாகக் கட்டுமாவடிப் பக்கம் போனபோது அவன் கடையில் இறங்கினேன். பிரித்துப் போட்ட மோட்டார் ஒன்றைக் காட்டிக்கொண்டு ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். தம்பி எனக்கு டீ சொல்லிவிட்டுச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். மேசையில் கிடந்த அவன் போன் அடித்து நின்றது. திரையில் அந்தப் படம். விவசாயி எட்டிப் பார்த்தார்.

“யாரு தம்பி, ஒம் மகளா?”

“இல்லிங்க. எங்கக்கா மக. நான்தான் மடியில வச்சுக் காது குத்துனேன்.”

“அப்படியா? படத்துல ஒன்னையக் காணமே?”

தம்பி கம்பியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். போனுக்கு இடது பக்கம், திரைக்கு வெளியே, மேசைப் பலகையில் விரலை வைத்தான்.

“நான் இங்கிட்டு இருக்கேங்க” என்றான்.

விவசாயி அந்த வெறும் பலகையைப் பார்த்துத் தலையாட்டினார். கேமராப் பை என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. டீ வந்தது, வாங்கிக் குடித்தேன்.